காற்று ஒன்றன்பால்

வெப்பக்காற்று பலூனின் கூடையில் நிற்பவருக்குத் தோள் வலிமையால் பெரிய அனுகூலம் எதுவும் இல்லை. ஓட்டப் பந்தயத்திலும் பளுதூக்குதலிலும் ஆண்களையும் பெண்களையும் பிரித்து வைக்க உடலைக் காரணம் காட்டுகிறார்கள். பலூனில் அந்தக் காரணம் எடுபடாது. அதை நகர்த்துவது காற்று. நாம் படித்த இலக்கணப்படி காற்று அஃறிணை, ஒன்றன்பால். தன்மேல் ஏறி வருபவர் ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை.

உலக வெப்பக்காற்று பலூன் சாம்பியன்ஷிப் 1973இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள அல்புகர்கியில் தொடங்கியது. அது இருபாலருக்கும் பொதுவான போட்டி. இன்றும் அப்படித்தான். ஆனால் 2014இல் போலந்தின் லெஷ்னோ நகரில் பெண்களுக்கென்று தனியாக ஓர் உலக சாம்பியன்ஷிப் தொடங்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே 41 ஆண்டுகள். பொதுக்கதவு திறந்தே இருக்கும்போது பக்கத்தில் பெண்களுக்கென்று இன்னொரு கதவு எதற்கு? காற்றுக்கே தெரியாத ஒரு வேறுபாட்டை நாமே உண்டாக்கி அதற்குக் கோப்பையும் கொடுப்பது நீதியா?

இந்தக் கேள்வி எனக்குப் பலூனைப் பற்றியது மட்டுமாக இல்லை. கவிதை எழுதுகிறவளாக, "பெண் கவிஞர்" என்ற அடைமொழியோடு இருபது ஆண்டுகளாக வாழ்கிறவளாக, இதைக் கேட்கிறேன். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தத் தொகுப்புகூட அப்படி ஒரு பக்கத்துக் கதவுதான். ஆகவே பதிலைத் தட்டிக்கழிக்க முடியாது.

முதலில் போட்டியைப் புரிந்துகொள்வோம். பொங்கலை ஒட்டிப் பொள்ளாச்சியில் நடக்கும் பலூன் திருவிழாவைப் பார்த்தவர்கள், வண்ண வண்ணமாக எழும்பும் பலூன்களை அண்ணாந்து பார்த்து மகிழ்வதுதான் இதன் முழுமை என்று நினைக்கலாம். சாம்பியன்ஷிப் வேறு. யார் முதலில் போய்ச் சேர்கிறார்கள் என்ற பந்தயமும் அல்ல அது. தரையில் துணியால் ஒரு பெரிய பெருக்கல் குறியை விரித்து வைப்பார்கள். அதுதான் இலக்கு. பல கிலோமீட்டர் தள்ளிப் புறப்படும் ஓட்டுநர், எடை வைத்துத் தைத்த நீண்ட துணிப்பட்டை ஒன்றை மேலிருந்து அதன் நடுவை நோக்கிப் போடுவார். மார்க்கர் என்று அதற்குப் பெயர். மார்க்கர் விழுந்த இடத்துக்கும் இலக்கின் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளப்பார்கள். தேர்ந்தவர்கள் மோதும்போது வெற்றி தோல்வியைச் சென்டிமீட்டர்கள் தீர்மானிக்கும். ஒரு சுற்றில் முதலிடம் பிடிப்பவருக்கு 1000 புள்ளிகள். பல நாட்கள், பல சுற்றுகள் முடிந்தபின் கூட்டிப் பார்த்துப் பட்டம்.

பலூனுக்குச் சுக்கான் இல்லை, துடுப்பு இல்லை, இறக்கை இல்லை. ஓட்டுநர் செய்யக்கூடியவை இரண்டே. புரொப்பேன் வாயுவில் எரியும் பர்னரைத் திறந்தால் உள்ளே காற்று சூடேறிப் பலூன் உயரும். கயிற்றை இழுத்து உச்சியிலுள்ள வால்வைத் திறந்தால் சூடான காற்று வெளியேறிப் பலூன் இறங்கும். இடமோ வலமோ போக வழியில்லை. பிறகு எப்படி இலக்கை அடைகிறார்கள்? காற்று ஒரே காற்று அல்ல என்பதால்தான். தரையருகே ஒரு திசையில் வீசும் காற்று, நூறு மீட்டர் மேலே சற்றுத் திரும்பியிருக்கும். ஐந்நூறு மீட்டரில் இன்னும் திரும்பியிருக்கும். வானம் அடுக்கடுக்கான ஆறுகள் போல ஓடுகிறது. எந்த உயரத்தில் எந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்தவர், ஏறியும் இறங்கியும் தன் பாதையைத் தானே பின்னிக்கொள்வார். அல்புகர்கியில் சில காலைகளில் தாழ்வான காற்று தெற்கே போகும், மேல்காற்று வடக்கே வரும். இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்திப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து இறங்குகிறவர்கள் உண்டு.

அதனால் இந்த விளையாட்டில் பாதி வேலை வாசிப்பு. விடியற்காலையில் ஹீலியம் நிரப்பிய சிறு பலூனை விட்டு அது எங்கெங்கே திரும்புகிறது என்று பார்ப்பார்கள். எதிரே போகும் பலூன்களைப் பார்ப்பார்கள், புகையைப் பார்ப்பார்கள், மர உச்சிகளைப் பார்ப்பார்கள். வெயில் ஏறி நிலம் சூடானால் காற்று கொந்தளிக்கும்; ஆகவே விடிந்த சில மணி நேரமும் அந்தி சாயும் நேரமுமே பறப்பதற்கு உரியவை.

இதைச் சொன்னதுமே ஓர் ஆபத்து வந்து நிற்கிறது. காற்றின் போக்கில் போவது என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது வேறொன்று. "அனுசரிச்சுப் போம்மா" என்ற குரல். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அலுவலகத்திலும் பெண்கள் கேட்டுக் கேட்டுப் பழகிய குரல். நாளைக்கே ஒரு சுயமுன்னேற்றப் பேச்சாளர் மேடையேறி, பலூனைப் போல இருங்கள், எதிர்க்காமல் மிதந்தால் உயரலாம் என்று பெண்களுக்கு அறிவுரை சொல்லக்கூடும். பலூன் போட்டியின் விதிமுறைகளைப் படித்தால் அந்த உவமை நிற்காது.

ஒரு சுற்றில், ஓட்டுநர் தன் இலக்கைத் தானே தேர்ந்து, பறப்பதற்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். பிறகு அவர் எங்கே போய் விழுந்தாலும், "நான் இங்கேதான் வர நினைத்தேன்" என்று சொல்ல முடியாது. இன்னொரு சுற்றில் இலக்கு நிலையாக இருக்கும்; எங்கிருந்து புறப்படுவது என்பதை ஓட்டுநரே முடிவு செய்ய வேண்டும். இலக்கிலிருந்து காற்றைப் பின்னோக்கி வாசித்து, தனக்கான வயலையோ மைதானத்தையோ தேடி வண்டியில் அலைவார்கள். ஹெசிடேஷன் வால்ட்ஸ் என்று நடன வகையின் பெயரிட்ட சுற்று ஒன்றும் உண்டு. அதில் பல இலக்குகள் தரப்படும். பறந்துகொண்டிருக்கும்போதே எதை நோக்கிப் போவதென்று முடிவெடுக்கலாம். இந்த மூன்றிலும் காற்று கொடுக்கப்பட்டது, நோக்கம் ஓட்டுநருடையது. அனுசரிப்பவளுக்கு அறிவிக்கப்பட்ட இலக்கு இருக்காது. போய்ச் சேர்ந்த இடத்தையே விரும்பியதாகச் சொல்லிக்கொள்ள அவள் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறாள்.

ஆற்று வெள்ளத்தின் வழியே போகும் புணையை வாழ்க்கைக்கு உவமையாக்கிய கணியன் பூங்குன்றனாரை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். அந்தப் புணைக்கு ஒரே ஓர் ஆறுதான் இருக்கிறது. பலூனுக்கோ ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ஆறுகள். விதிக்கும் விருப்பத்துக்கும் இடையில் நமக்குக் கிடைத்திருக்கும் இடம் இந்த மேல்கீழ் நகர்வில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. திசையை நாம் உண்டாக்குவதில்லை, உயரத்தைத் தேர்கிறோம். ஆனால் உயரத்தைத் தேர எரிபொருள் வேண்டும். எரிபொருள் இல்லாதவளிடம் போய், வானத்தில் எத்தனை காற்றுகள் என்று வருணித்து என்ன பயன்?

இங்கேதான் வானத்திலிருந்து தரைக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

பெண்கள் பலூனில் ஏறிய வரலாறு பலூனின் வரலாற்றுக்குச் சமமாகப் பழையது. மனிதர் முதன்முதலாகக் கட்டற்ற பலூனில் பறந்தது 1783 நவம்பர் 21, பாரிஸில். அடுத்த ஆண்டே, 1784 ஜூன் 4 அன்று, பிரான்சின் லியோன் நகரில் எலிசபெத் திப்ல் என்ற பாடகி பறந்துவிட்டார். ரோமானியப் பெண் தெய்வமான மினர்வாவைப் போல அவருக்கு வேடமிட்டிருந்தார்கள். 1798இல் கார்னரன் என்ற பலூன் ஓட்டுநர் தன்னோடு ஒரு பெண்ணை ஏற்றிச் செல்லப் போவதாக அறிவித்தபோது பாரிஸ் காவல்துறை அவரை அழைத்து விசாரித்தது. மேலே காற்றழுத்தம் குறையும்போது பெண்ணின் மென்மையான உடல் என்னாகும் என்பது ஒரு கவலை. ஓர் ஆணும் பெண்ணும் அவ்வளவு நெருக்கமாக அந்தச் சிறு இடத்தில் நிற்கலாமா என்பது மற்றொரு கவலை. உடல், ஒழுக்கம். இருநூறு ஆண்டுகள் கழித்தும் நம் விடுதிக் காப்பாளர்கள் இதே இரண்டையும்தான் சொல்கிறார்கள். கடைசியில் அனுமதி கிடைத்து அந்தப் பெண் பறந்தார்.

அந்தத் தலைமுறையில் எல்லோரையும் மிஞ்சி நின்றவர் சோஃபி பிளான்ஷார். கணவர் ழான்-பியேர் பிளான்ஷார் புகழ்பெற்ற பலூன் ஓட்டுநர். 1809இல் அவர் இறந்தபோது கடன்தான் மிச்சம். அதை அடைக்க சோஃபி தனியாகத் தொடர்ந்து பறந்தார். தரையில் வண்டிச் சத்தத்துக்கே அஞ்சுகிறவர் என்று பெயரெடுத்த அந்தப் பெண், வானத்தில் அஞ்சவில்லை. நெப்போலியன் அவரை அரசு விழாக்களின் பலூன் ஓட்டுநராக நியமித்தார். 1819 ஜூலை 6 அன்று பாரிஸின் டிவோலி தோட்டத்தில் பலூனிலிருந்தபடி வாணவேடிக்கை காட்டும்போது ஹைட்ரஜன் தீப்பிடித்தது. ஒரு வீட்டுக் கூரைமேல் விழுந்து, அங்கிருந்து தெருவில் விழுந்து இறந்தார்.

இந்தப் பெண்கள் கொண்டாடப்பட்டார்கள் என்பதில் ஐயமில்லை. எதற்காகக் கொண்டாடப்பட்டார்கள்? பெண் பறக்கிறாள் என்ற வேடிக்கைக்காக. டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் அவர்களை அண்ணாந்து பார்த்தது. காற்றை அவர்கள் எப்படி வாசித்தார்கள், எவ்வளவு துல்லியமாக இறங்கினார்கள் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. வேடிக்கைப் பொருளுக்கு அளவுகோல் தேவையில்லை. அது நிகழ்ந்தாலே போதும். சாம்பியன்ஷிப்பில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஓட்டுநர் மேலே எவ்வளவு அழகாகத் தெரிந்தார் என்பது கணக்கில் வராது. மார்க்கர் எங்கே விழுந்தது என்பது மட்டுமே கேள்வி. பெண்ணுக்கு இது பெரிய விடுதலை. அளக்கப்படுவதற்கு ஒரு கண்ணியம் இருக்கிறது. தோற்பதற்குள்ள உரிமையும் அதில் அடங்கும்.

அப்படியானால் எல்லோரையும் அளக்கும் பொதுப்போட்டியே போதாதா? வானத்தில் போதும். தரையில் போதவில்லை. ஒரு போட்டிப் பலூன் என்பது பல நூறு கிலோ எடையுள்ள துணி, கூடை, எரிவாயு உருளைகள். அதை ஏற்றிப்போக வண்டி, விரிக்கவும் மடிக்கவும் ஆட்கள், பறக்கும்போது கீழே தெருத்தெருவாகத் துரத்தி வந்து இறங்கும் இடத்தில் நிற்கத் தரைக்குழு. ஒவ்வொரு பறத்தலுக்கும் எரிபொருள் செலவு. விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்பி, நாள்கணக்கில் வெளியூரில் தங்கிப் பழகினால்தான் வாசிப்பு கைவரும். அந்த நேரத்தில் வீட்டில் குழந்தைக்கு யார் சோறு ஊட்டுவது? இது விதிப்புத்தகத்தில் இல்லை. ஆனால் பொதுப்போட்டியின் வாசலுக்கு யார் வந்து சேர்கிறார்கள் என்பதை இதுவே பெரிதும் தீர்மானிக்கிறது. கூடையில் இருப்பவரின் பெயர்தான் முடிவுப் பட்டியலில் வரும். தரையில் வண்டியோட்டியவரின் பெயர் வருவதில்லை. குடும்பமாகச் சேர்ந்து செய்யும் எந்த வேலையிலும் இந்த இரண்டு இடங்களில் பெண்ணுக்கு எது வாய்க்கும் என்று வாசகியருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெண்கள் சாம்பியன்ஷிப் அந்த இடங்களை மாற்றிப் போடுகிறது. அங்கே கூடையின் பொறுப்பு பெண்ணுடையது. கணவரோ சகோதரரோ உடன் வந்தால், வண்டியை ஓட்டிக்கொண்டு வரட்டும். 2014இல் லெஷ்னோவிலும், 2016இல் லிதுவேனியாவின் பிர்ஷ்டோனாஸிலும் ஆஸ்திரேலியாவின் நிக்கோலா ஸ்கேஃப் பட்டம் வென்றார். 2023இல் போட்டி அவருடைய நாட்டுக்கே, மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்தமுக்கு வந்தது. அதே பெருக்கல் குறி, அதே மார்க்கர், அதே 1000 புள்ளிகள். பெண்களுக்கென்று இலக்கைப் பெரிதாக விரிக்கவில்லை, தூரத்தைக் குறைக்கவில்லை.

பிரித்தல் எல்லாமே இப்படி இருந்துவிடுவதில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்கீட் என்ற துப்பாக்கி சுடும் போட்டி இருபாலருக்கும் பொதுவாக இருந்தது. சீனாவின் ஜாங் ஷான் ஆண்களையும் வென்று தங்கம் பெற்றார். அடுத்த 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. தங்கம் வென்றவருக்குத் தன் பட்டத்தைக் காத்துக்கொள்ளப் போட்டியே இல்லை. பெண்களுக்கான ஸ்கீட் 2000இல் சிட்னியில்தான் வந்தது. இங்கேயும் பிரித்தார்கள், பலூனிலும் பிரித்தார்கள். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது மொழிக்கு நாம் செய்யும் அநியாயம்.

ஒரு தனிப்பிரிவு நீதியானதா என்று பார்க்க நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். பக்கத்துக் கதவைத் திறந்தபோது பொதுக்கதவை மூடினார்களா? உள்ளே இருக்கும் அளவுகோல் அதேதானா, இல்லை இரக்கப்பட்டுத் தளர்த்தியதா? அந்தக் கதவு வழியே போவதும் போகாததும் அவள் முடிவா? பெண்கள் பலூன் சாம்பியன்ஷிப் மூன்றிலும் தேறுகிறது. 1996 ஸ்கீட் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது.

போன பருவத்தில் முதுகலை மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "மேடம், உங்க கவிதை நல்லா இருந்தா பொதுத் தொகுப்புலயே வருமே, ஏன் பெண்கள் தொகுப்புல குடுக்கறீங்க?" கூர்மையான கேள்வி. சங்கத் தொகைகளில் பெண்பாற் புலவர்களுக்கென்று தனித் தொகை இல்லை, ஔவையாரும் நச்செள்ளையாரும் ஆண்களோடு கலந்துதானே நிற்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவளிடம் இந்த மூன்று கேள்விகளைத்தான் சொன்னேன்.

அவற்றைக் கொண்டு பார்த்தால் எனக்கே சில அழைப்புகளை மறுக்க வேண்டி வருகிறது. ஓர் இலக்கியக் கூட்டத்தில் "நவீன கவிதையின் போக்குகள்" என்ற முதன்மை அமர்வில் ஐந்து ஆண்கள் பேசினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு "பெண்கள் அமர்வு" வைத்து அதில் என்னையும் இன்னும் மூவரையும் போட்டிருந்தார்கள். முதன்மை அமர்வில் ஏன் பெண்களே இல்லை என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் தனி அமர்வே இருக்குதே" என்றார்கள். பொதுக்கதவை மூடுவதற்குப் பக்கத்துக் கதவையே சாட்சியாக நிறுத்தும் தந்திரம் இது. அந்த அமர்வில் நான் பேசவில்லை. பெண்களே கூடி, பெண்களே தேர்ந்து, கறாராகத் திருத்தி வெளியிடும் தொகுப்புக்கு எழுதுகிறேன். எழுதியதை மூன்று முறை திருப்பி அனுப்பும் பதிப்பாசிரியையிடம் நான் பெறும் மரியாதை, பூங்கொத்தோடு வரவேற்கும் அமர்வில் கிடைப்பதில்லை.

தனிப்பிரிவு இரண்டாம் தரம் என்ற எண்ணத்தை வளர்க்காதா என்று தோழியர் சிலர் கேட்கிறார்கள். வளர்க்கக்கூடும்தான். "பெண்கள் சாம்பியன்" என்றதும் "அப்படியானால் உண்மையான சாம்பியன் யார்" என்று கேட்கும் நாக்குகள் இருக்கவே செய்யும். அதற்காக அந்தக் கதவை மூடினால் அந்த நாக்குகள் ஓயாது. கூடையில் நிற்கும் பெண்களின் எண்ணிக்கைதான் குறையும். பலூன் மொழியிலேயே சொல்வதானால், தனிப்பிரிவு என்பது வேறொரு உயரத்தில் வீசும் இன்னொரு காற்று. பொதுப்போட்டி என்ற ஒரே காற்று நம்மை இலக்கிலிருந்து தள்ளிக்கொண்டே போனபோது, ஏறிப் பிடித்துக்கொண்ட மாற்றுக் காற்று. எந்த ஓட்டுநரும் கடைசிவரை ஒரே அடுக்கில் மிதப்பதில்லை. தேவையான அளவு அதில் நகர்ந்து, மீண்டும் இறங்கி, இலக்குக்கு நேராக வருவார். பக்கத்துக் கதவிலேயே குடியிருப்பது நம் நோக்கமும் அல்ல.

வெண்ணிக்குயத்தியாரின் பாடல் ஒன்று புறநானூற்றில் 66ஆம் பாட்டாக இருக்கிறது. கடலில் கலம் செலுத்தக் காற்றையே ஏவல்கொண்ட முன்னோரின் வழிவந்தவனே என்று கரிகாலனை அழைத்துத் தொடங்குகிறார். வெண்ணிப் போரில் வென்றவன் நீதான் என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்கிறார். காற்றை ஆண்ட குலத்தின் அரசனிடம், அவன் வென்ற களத்தைப் பற்றி, வெற்றி என்பதை எதைக் கொண்டு அளக்கிறாய் என்று கேட்கும் துணிவு அது. என் மாணவி சொன்னது சரி, அவர் தனித் தொகையில் இல்லை. அதைவிட முக்கியம், அவர் பாராட்டுவதற்கு மட்டும் வரவில்லை; தீர்ப்புச் சொல்ல வந்தார்.

பெண்கள் சாம்பியன்ஷிப் போய்ச் சேர வேண்டிய இடமும் அதுவே. கோப்பைகளின் எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது. எந்தச் சுற்றை எந்தக் காலையில் நடத்துவது என்று முடிவெடுக்கும் போட்டி இயக்குநராக, முறையீடுகளைக் கேட்கும் நடுவராக, விதிகளை எழுதும் குழுவில் கையெழுத்திடுகிறவராகப் பெண்கள் வர வேண்டும். கூடையில் நின்று காற்றை வாசிக்கக் கற்றவர்கள், தரைக்கு வந்து அளவுநாடாவையும் கையிலெடுக்க வேண்டும். மார்க்கர் விழுந்துவிட்டது. எவ்வளவு தூரம் என்று நாமும் குனிந்து அளக்கலாம்.